அந்த ஆரஞ்சுப் புள்ளி

அன்புள்ள கண்ணா,

நேற்று வீடியோ காலில் உன் கணினித் திரையைக் காட்டினாய் அல்லவா, நீ பேசியதில் பாதி எனக்குக் காதில் ஏறவே இல்லை. கீழே மணி காட்டும் மூலையில் சின்னதாக ஓர் ஆரஞ்சுப் புள்ளி. என்னவென்று கேட்டதற்கு, "அப்டேட்மா, ரெண்டு வாரமா நிக்குது, அப்புறம் போட்டுக்கலாம்" என்றாய். அந்த 'அப்புறம்' ராத்திரி முழுக்க என்னை உறுத்தியது.

கணினியில் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் நினைவிருக்கிறதா? 2017 மே 12 அன்று பரவ ஆரம்பித்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. பிரிட்டனில் அறுவை சிகிச்சைகளைக்கூடத் தள்ளிவைத்தார்கள். அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருந்தது, கண்ணா. 'கண்ட லிங்க்கையும் தொடமாட்டேன்' என்பாய். அது பரவ யாரும் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை, கணினிக்குக் கணினி தானாகவே தாவியது. அப்டேட் வந்த அன்றே ஓட்டை எங்கே என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவனுக்குத்தான் லாபம்.

உன் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 தானே? அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட்டுகள், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதே.

இன்னொன்று. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. ஒரு நாள் காலையில் போட்டோ ஃபோல்டரைத் திறந்தேன். படங்கள் இருந்த இடத்தில் வரிசையாக வெள்ளைத் தாள்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள். நடுவில் ஒரு குறிப்பு, பணம் கட்டினால் திறந்து விடுவார்களாம். எனக்குப் பதறவில்லை, காப்புப் பிரதி எடுத்த ஹார்டு டிஸ்க் இருக்கிறதே என்று நினைத்தேன். அதைத் திறந்தால் அதிலும் அதே வெள்ளைத் தாள்கள். எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருந்தேன், அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. நீ முதன்முதலாக நடந்த படம் அதில்தான் இருந்தது.

அதனால் டிஸ்க்கை வாரம் ஒரு முறை செருகு, நகல் எடு, உடனே கழற்றி அலமாரியில் வை. முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். எப்போதாவது ஒரு ஃபைலைத் திறந்து பார், உண்மையிலேயே திறக்கிறதா என்று.

பாஸ்வேர்டு விஷயம் உனக்கே தெரியும். மின்னஞ்சலுக்கு மட்டுமாவது வேறெங்கும் போடாத ஒன்றை வை, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடு. மின்னஞ்சல் போனால் மற்றதெல்லாம் 'மறந்துவிட்டேன்' பட்டன் வழியாகப் போய்விடும். வைஃபை ரூட்டரில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடு.

ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்து வைக்கும், அதைக் காட்டச் சொல்லிவிடு. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் அந்த மறைப்பில்தான் ஒளிந்து வந்தது. சாதாரணக் காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள், பின்னால் வேறு வால் இருந்தது தெரியவில்லை. 'பில்' என்று வருவதன் வால் இஎக்ஸ்இ (.exe) என்று இருந்தால் அது பில் அல்ல, திறந்தவுடன் ஓடும் புரோகிராம்; அப்படி இருந்தால், யார் அனுப்பியிருந்தாலும் சரி, தொடாதே. அனுப்பியவரை போனில் கூப்பிட்டுக் கேள்.

திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, 'வைரஸ் வந்துவிட்டது, இந்த நம்பரைக் கூப்பிடு' என்றால் கூப்பிடாதே. பிரவுசரை மூடிவிடு. மூட முடியாவிட்டால் கணினியையே அணைத்துவிடு.

இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுப் போ. முடிந்ததும் அந்த மூலையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நான் தூங்காமல் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா