இரண்டு ஸ்பிரிங்கும் ஒரு ‘தெரிந்ததுதானே’வும்

காப்புரிமை ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை வரைந்தே பாதி ஆயுளைக் கழித்தவன் எழுதுகிறேன். ஒரு குழாய், உள்ளே ஒரு தட்டு, அதைத் திருப்ப ஒரு தண்டு. கார்புரேட்டர் காலத்து பட்டர்ஃபிளை வால்வுதான் இன்றும். அதனால் எந்தத் திருத்தம் வந்தாலும் ‘யாருக்கும் தோன்றக்கூடியதே’ என்று எழுதி, காப்புரிமையை மறுக்க உங்கள் கை துறுதுறுக்கும்.

அதற்குத் துணையாகப் பலரும் எடுப்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2007 கே.எஸ்.ஆர். தீர்ப்பு. முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஆக்ஸிலரேட்டர் பெடலில் எலெக்ட்ரானிக் சென்சார் பொருத்திய காப்புரிமை அதில் விழுந்தது. பெடலும் பழசு, சென்சாரும் பழசு, அவ்வளவுதான் கதை என்பார்கள். இல்லை. த்ராட்டிலைக் கம்ப்யூட்டர் இயக்கத் தொடங்கியதால் பெடலுக்குச் சென்சார் தேவைப்பட்டது. கால் வைக்கும் பலகையில் அதை வைத்தால் வயர் உராய்ந்து தேயும். அப்படியானால் அசையாத இடம் வேண்டும். அசானோ என்பவரின் முந்தைய காப்புரிமையில் இருந்த பெடலில் அது சுழல்முளை, அதாவது பெடல் திரும்பும் அச்சு. இப்படிப் படிப்படியாகக் காரணம் சொல்லித்தான் நீதிபதி கென்னடி முடிவுக்கு வந்தார். அந்தக் காரணத்தை வெளிப்படையாக எழுத வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

நம் உச்ச நீதிமன்றமும் 1978இல், பாத்திரம் கடையும் லேத் வழக்கில், வெறும் பட்டறைத் திருத்தத்துக்குக் காப்புரிமை இல்லை என்றது. சரிதான். என் வரைபடங்களில் பாதி அந்த ரகம்தான்!

மீதிப் பாதியில் ஒன்றைப் பாருங்கள். தட்டைத் திருப்பும் மோட்டாரின் கரண்ட் நின்றுபோனால் தட்டு முழுக்க மூடாமல், வண்டி ஊர்ந்து ஓரம் சேரும் அளவுக்குத் திறந்து நிற்க வேண்டும். மூடும் பக்கம் ஒரு ஸ்பிரிங், திறக்கும் பக்கம் இன்னொன்று. தட்டைக் கொஞ்சம் திறந்து வைப்பது கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூ செய்த வேலை. அதில் புதுமை கேட்க மாட்டேன். ஆனால் இரண்டு ஸ்பிரிங்கும் கைமாறும் இடத்தில் விசை திசை திரும்பும். தட்டு அங்கே தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைத் தீர்த்தவனுக்கும் ‘டி1, டி2 சேர்த்தால் போதும்’ (டி1, டி2 என்பவை நீங்கள் எடுத்துக்காட்டும் பழைய ஆவணங்கள்) என்ற ஒரே வரி பதிலா?

விண்ணப்பத் தேதியன்று இந்தச் சிக்கல் தெரிந்திருந்ததா? தீர்க்கும் வழிகள் நாலைந்துதானா? எந்தத் தொல்லையால் ஒரு த்ராட்டில் வரைவாளர் டி1ஐ வைத்துக்கொண்டு டி2ஐத் தேடிப் போயிருப்பார்? ஆய்வறிக்கையில் இதற்கு நாலு வரி எழுதுங்கள். அது சரியாக இருந்தால் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு த்ராட்டில் வரைவாளர்