அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்

எங்கள் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மயிலாப்பூரைப் பற்றிச் சென்ற ஞாயிறு பிள்ளைகளுக்கு வைத்தீர்களே பொது அறிவுப் போட்டி, அதன் பதினோராவது கேள்விக்காகத்தான் இந்த மடல்.

'அமிர்தாஞ்சன் எந்த ஆண்டு, எந்த ஊரில் தொடங்கப்பட்டது?' என் பேத்தி '1893, பம்பாய்' என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் '1914, மதராஸ்'. ஒரு மதிப்பெண்ணில் மூன்றாம் பரிசு போனது. போகட்டும். நேரில் வந்து கேட்டதற்கு, "மயிலாப்பூர் கம்பெனி பம்பாயில எப்படி சார் தொடங்கும்?" என்று சிரித்தீர்கள்.

தொடங்கியதே அங்கேதான். கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு, பிழைப்புக்குப் பம்பாய் போய் 1893இல் அந்த மஞ்சள் தைலத்தை விற்க ஆரம்பித்தார். கச்சேரிகளில் சும்மாவே கொடுத்து ஜனங்களைப் பழக்கினார் என்பார்கள். 1908இல் 'ஆந்திர பத்திரிகா' வார இதழாக வந்ததும் பம்பாயிலிருந்துதான். 1914இல் மதராசுக்கு வந்து அதை நாளிதழாக்கினார். தைலமும் கூடவே வந்தது. ஊராரின் தலைவலியைத் தீர்த்துச் சம்பாதித்ததைப் பத்திரிகை என்கிற தலைவலியில் போட்ட மனிதர்! உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்கும் போனார். ஆக, உங்கள் 1914 அவர் ஊர் மாறிய ஆண்டு. குடிவந்த தேதியைப் பிறந்த தேதி என்று யாராவது எழுதுவார்களா?

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னவன் நான். தினமும் ராத்திரி என் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவது அவள்தான். அந்த ஞாயிறும் மூடியைத் திறந்து விரலில் வழித்தவள், தேய்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா, நீங்க எனக்குத் தப்பா சொல்லிக்கொடுத்துட்டீங்களா?" என்றாள். எட்டு வயசு. நான் என்ன சொல்ல?

எனவே, அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

நம் தெரு வடிகால் மூடி உடைந்து ஏழு மாதம் ஆகிறது. மனு கொடுத்தால் 'பரிசீலனையில் இருக்கிறது' என்கிறீர்கள். ஒரு குழந்தையின் விடையைப் பரிசீலிக்க மட்டும் உங்களுக்கு இரண்டு நிமிஷம் போதுமாயிருந்தது. அதிலும் உங்களில் மூன்று பேர் தினமும் காலையில் நடக்கப் போவது நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு. அது எந்த நாகேஸ்வர ராவ் என்று ஒரு நாளாவது தோன்றியதுண்டா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் பிள்ளைகளுக்காக உழைத்தவர்கள் நீங்கள், அதை மறக்கவில்லை. பரிசு வேண்டாம், மேடையில் அறிவிக்கவும் வேண்டாம். அந்தப் பெருக்கல் குறியை அடித்துவிட்டு அவள் கண்முன்னே ஒரு 'சரி' போட்டுத் தாருங்கள். விடைத்தாள் என்னிடம்தான் இருக்கிறது. எந்தச் சாயங்காலம் வரலாம் என்று சொன்னால் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். இரண்டாவது மாடிதானே, முட்டியைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பதினோராவது கேள்வியின் தாத்தா