ஏ லெவலில் கெமிஸ்ட்ரி எடுக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு முன் நான் எழுதும் கடைசிக் கடிதம் இது. மண்டபம், ஆண்டு விழா, கட்டணம் எல்லாம் செப்டெம்பரில் பார்த்துக்கொள்ளலாம். இந்த முறை பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையை முடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகள் ஏ லெவல் படிக்கப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காகவே எழுதுகிறேன். மற்றவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறையும் வரும்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் அம்மா அப்பாமார் என்னை மறித்துக் கேட்பது பெரும்பாலும் தமிழைப் பற்றியதாக இருக்காது. "சேர், பிள்ளை ஏ லெவலுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கலாமோ? சரியான கஷ்டம் எண்டு சொல்லுகினம்." கிழமை நாட்களில் லண்டன் பாடசாலை ஒன்றின் சிக்ஸ்த் ஃபார்மில் (ஏ லெவல் படிக்கும் 12, 13ஆம் ஆண்டு வகுப்புகளில்) நான் படிப்பிக்கும் பாடம் அதுதான் என்பது உங்களுக்குத் தெரியும். நடைபாதையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் தவணையில் புள்ளி விழும். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிசிஎஸ்இயில் 8, 9 (9தான் அதி உயர் கிரேட்) எடுத்த பிள்ளை ஒக்டோபரில் நடக்கும் முதல் வகுப்புப் பரீட்சையில் டி அல்லது ஈ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது வழக்கமாக நடப்பது. அன்று இரவு வீட்டில் இழவு வீடு மாதிரி ஒரு அமைதி. மறுநாள் பாடசாலைக்குத் தொலைபேசி அழைப்பு. பிள்ளை சோம்பேறியாகிவிட்டதா, புதுக் கூட்டாளிகள் சேர்ந்துவிட்டார்களா, ரீச்சர் சரியில்லையா என்று கேள்விகள். பெரும்பாலும் இவை எதுவுமே காரணமில்லை. கேள்வி கேட்கும் விதமும் திருத்தும் விதமும் மாறிவிட்டன, பிள்ளை இன்னும் மாறவில்லை. அவ்வளவுதான்.

ஒரு கேள்வியை எடுத்துக் காட்டுகிறேன். வெப்பநிலையைக் கூட்டினால் இரசாயனத் தாக்கம் ஏன் வேகமாகிறது? ஜிசிஎஸ்இக்குப் படித்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எழுதும்: துணிக்கைகள் வேகமாக ஓடும், அடிக்கடி மோதும். ஏ லெவலில் இதை மட்டும் எழுதிவிட்டு முழுப் புள்ளியை எதிர்பார்க்க முடியாது. அறை வெப்பநிலையிலிருந்து 10 பாகை கூட்டிப் பார்த்தால், மோதல்கள் 2 சதவீதம்கூட அதிகரிப்பதில்லை. ஆனால் பல தாக்கங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அடிக்கடி மோதுவதால் மட்டும் இது எப்படி நடக்கும்? மோதும் துணிக்கைகளில் ஏவற்சக்தியை, அதாவது தாக்கம் நடக்க வேண்டிய குறைந்தபட்ச சக்தியை, எட்டிய துணிக்கைகளின் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது என்பதுதான் உண்மையான விடை. அதைச் சொல்ல, எத்தனை துணிக்கைகளுக்கு எவ்வளவு சக்தி என்று காட்டும் ஒரு வளைகோட்டை வரைந்து, அதன் வால் பகுதியின் பரப்பு எப்படி மாறுகிறது என்று காட்டத் தெரிய வேண்டும். பிள்ளை எழுதியது பிழையில்லை, போதாது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு விளங்கச் சில மாதங்கள் பிடிக்கும்.

இன்னொன்று. அணுவைச் சுற்றி 2, 8, 8 என்று இலத்திரன்கள் வட்டமிடும் படம் உங்களுக்கும் நினைவிருக்கும். மக்னீசியத்துக்கு அடுத்தது அலுமினியம். கருவில் ஒரு புரோத்தன் கூடுகிறது, அப்படியானால் வெளி இலத்திரனைப் பிடுங்க இன்னும் கூடுதல் சக்தி வேண்டும் என்றுதான் அந்தப் படம் சொல்லும். அளந்து பார்த்தால் மக்னீசியத்துக்கு ஒரு மோலுக்கு (மோல் என்பது அணுக்களை எண்ணும் அலகு) 738 கிலோஜூல், அலுமினியத்துக்கு 578 கிலோஜூல். குறைந்திருக்கிறது! அலுமினியத்தின் கடைசி இலத்திரன் 3எஸ் என்ற சக்தி மட்டத்துக்குச் சற்று மேலே 3பி என்ற மட்டத்தில் இருப்பதால் அது இலேசாகக் கழன்றுவிடுகிறது. அந்த வாரத்தில் என் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை, "அப்ப இவ்வளவு காலமும் எங்களுக்குப் பொய்யா சொல்லித் தந்தீங்கள்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. எல்லாவற்றையும் பேசாமல் எழுதிக்கொண்டு போகும் பிள்ளையைத்தான் கவனிப்பேன்.

கணிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ லெவல் கெமிஸ்ட்ரியில் குறைந்தது 20 சதவீதப் புள்ளி கணிதத் திறனுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. சமன்பாட்டைத் திருப்பிப் போடுவது, அலகு மாற்றுவது, விகிதம், வரைபின் சாய்வு, 13ஆம் ஆண்டில் அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் கணக்குகளுக்கு லொக் (மடக்கை). கணிதத்தையும் ஏ லெவல் பாடமாக எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எடுக்காத பிள்ளைகளும் நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் கணிதத்தை வெறுக்கும் பிள்ளை கெமிஸ்ட்ரியில் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும் என்று நினைத்தால் முதல் மாதத்திலேயே மோல் கணக்கு வந்து பிடித்துவிடும். கன சென்டிமீட்டரைக் கன டெசிமீட்டராக்க ஆயிரத்தால் வகுக்க மறந்து போகும் புள்ளிகளை எல்லாம் சேர்த்தால் ஒரு கிரேட் தேறும் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பகிடியாகச் சொல்வதுண்டு.

செய்முறை எப்படி என்று யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த அப்பாமார் ஆவலாகக் கேட்பார்கள். தாவரவியல், விலங்கியல் என்று பிரித்துப் படித்த தலைமுறை அது. திரவத்தை அளக்கும் பியூரெட்டும் பிப்பெட்டும் அப்படியே இருக்கின்றன. முறைதான் வேறு. இங்கே இரண்டு ஆண்டுகளில் குறைந்தது 12 செய்முறைகளைச் செய்து, ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதி, ஆசிரியரிடம் தேர்ச்சி பெற வேண்டும். அந்தத் தேர்ச்சி சான்றிதழில் தனியாக வரும், கிரேட்டோடு சேராது. "அப்ப அது முக்கியமில்லைத்தானே" என்று சொல்லிவிடாதீர்கள். தேர்ச்சி வேண்டும் என்று நிபந்தனை போடும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அத்துடன் எழுத்துப் பரீட்சையிலும் குறைந்தது 15 சதவீதப் புள்ளி செய்முறை அறிவுக்குத்தான்.

உதாரணத்துக்கு ஒரு டைட்ரேஷன், அதாவது செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து மற்றதன் செறிவைக் கண்டுபிடிப்பது. சோடியம் ஹைட்ரொக்சைட் 25.0 கன சென்டிமீட்டர், பியூரெட்டில் ஐதரோகுளோரிக் அமிலம், செறிவு ஒரு கன டெசிமீட்டருக்கு 0.100 மோல். நிறம் மாறத் தேவைப்பட்ட அமிலம் முதல் தடவை உத்தேசமாக 24.10 கன சென்டிமீட்டர் வந்தது, பிறகு 23.50, பிறகு 23.40. பிள்ளை மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கும். அங்கேயே போயிற்று. ஒன்றுக்கொன்று 0.10க்குள் இருக்கும் வாசிப்புகளை மட்டும்தான் சராசரிக்கு எடுக்க வேண்டும். ஆகவே 23.45, அதிலிருந்து காரத்தின் செறிவு 0.0938. ஆய்வுகூடத்தில் கவனமாக நின்று, துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் இடத்தைத் தானே பிடித்த பிள்ளைக்கு இந்த விதி ஏன் என்று தெரிந்திருக்கும். பக்கத்துப் பிள்ளையின் வாசிப்பைப் பார்த்து எழுதியவருக்கு அது மனப்பாடம் செய்ய இன்னொரு வரி.

சேதன இரசாயனம் (காபன் சேர்வைகளைப் பற்றிய பகுதி) என்றதும் பெற்றோருக்குத்தான் பயம் அதிகம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது பிடித்துப் போகிறது. இலத்திரன்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று வளைந்த அம்புகளால் வரைந்து காட்ட வேண்டும். அம்பு ஒரு தனிச்சோடியிலிருந்தோ (பிணைப்பில் சேராத இரண்டு இலத்திரன்கள்) பிணைப்பிலிருந்தோ தொடங்க வேண்டும். ஹைட்ரொக்சைட் அயனில் அது ஒட்சிசனின் தனிச்சோடியில் தொடங்காமல் ஐதரசனில் தொடங்கினால் புள்ளி இல்லை, கடைசி விளைபொருளைச் சரியாக எழுதியிருந்தாலும் அந்தப் புள்ளி இல்லை. கடுமையாகத் தெரியும். ஆனால் ஒருமுறை பிடிபட்டுவிட்டால், பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

பரீட்சை எல்லாம் 13ஆம் ஆண்டின் முடிவில்தான். 2015இல் தொடங்கிய பாடத்திட்டத்தில் 12ஆம் ஆண்டுப் புள்ளி எதுவும் ஏ லெவலுக்குச் சேர்வதில்லை. ஏகியூஏ என்ற பரீட்சைச் சபையில் மூன்று வினாத்தாள், ஒவ்வொன்றும் 2 மணித்தியாலம், மொத்தம் 300 புள்ளி. ஓசிஆர், எட்எக்ஸெல் சபைகளில் பிரிப்பு வேறு. உங்கள் பிள்ளையின் பாடசாலை எந்தச் சபை என்று முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 12ஆம் ஆண்டில் கொஞ்சம் ஓய்வாக இருக்கலாம் என்று தோன்றும். தோன்றக்கூடாது. யூகாஸ் என்ற பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தில் பாடசாலை எழுதும் எதிர்பார்ப்பு கிரேட்டைப் பெரும்பாலும் 12ஆம் ஆண்டு இறுதியில் நடக்கும் பாடசாலைப் பரீட்சை வைத்துத்தான் முடிவு செய்வோம். மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் விண்ணப்ப முடிவு ஒக்டோபர் 15. மருத்துவ அனுமதிக்கான யூகேட் பரீட்சையை அதற்கு முந்திய கோடையில் எழுத வேண்டும். அதாவது பிள்ளை 13ஆம் ஆண்டுப் பாடம் ஆறு வாரம்கூடப் படித்திருக்காது, அதற்குள் முக்கியமான முடிவு எழுத்தில் போய்விடும். "சேர், பிள்ளை கடைசியில் எப்படியும் ஏ எடுக்கும், இப்ப ஏ என்று போடுங்கோ" என்று செப்டெம்பரில் வந்து கேட்பவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்? கையில் இருக்கும் புள்ளியைத்தான் பார்க்க முடியும்.

மருத்துவத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் கெமிஸ்ட்ரி எடுப்பதற்கு ஒரே காரணம் டொக்டர் கனவு, அதுவும் சில வேளை அம்மாவின் கனவு. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கெமிஸ்ட்ரி கேட்கின்றன, உண்மைதான். ஆனால் மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் இந்தப் பாடம் வீண் என்று பிள்ளையின் முன்னால் பேசாதீர்கள். மருந்தியல், உயிரிரசாயனம், இரசாயனப் பொறியியல், பொருளறிவியல் என்று அது திறக்கும் கதவுகள் பல. 13ஆம் ஆண்டில் தாண்டல் உலோகங்களைப் படிக்கும்போது சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏகியூஏ பாடத்திட்டத்தில் வரும். நடுவில் ஒரு பிளாட்டினம் அணு, இரண்டு அமோனியா, இரண்டு குளோரைட். குளோரைட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மருந்து, எதிரெதிரே இருந்தால் அந்த வேலையைச் செய்யாது. டொக்டராக வராத பிள்ளையும் அந்தப் பாடத்தில் நிமிர்ந்து உட்காரும்.

இனி டியூசன். இதில் எனக்கு ஒரு சுயநலம் உண்டு என்பதை மறைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் டியூசன் போட்டதும் தமிழ் வகுப்புத்தான் முதலில் நிற்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாலும் என் கருத்து ஒன்றுதான்: கிறிஸ்மஸ்வரை பொறுங்கள். முதல் டி கிரேட்டுக்கே ஆள் பிடித்தால், பாடசாலையில் கேட்டதை வீட்டில் இன்னொருவர் இன்னொரு முறை சொல்லித் தருகிறார். பிள்ளை இரண்டு தடவை கேட்கும், ஒரு தடவையும் தானாகச் செய்து பார்க்காது. வாரத்தில் ஒரு பாடத்துக்கு நான்கைந்து மணித்தியாலம் வகுப்பு என்றால் ஏறக்குறைய அதே அளவு நேரம் தனியாகக் கணக்குச் செய்ய வேண்டும். டியூசன் தின்பது அந்த நேரத்தைத்தான். பெரும்பாலான பாடசாலைகளில் மதிய இடைவேளையிலோ மாலையிலோ ஆசிரியர் உதவி வகுப்பு வைப்பார். காசில்லாமல் கிடைப்பதாலோ என்னவோ, அதற்கு வரும் கூட்டம் குறைவு. பெப்ரவரி அரைத்தவணைக்குப் பிறகும் பிள்ளை மோல் கணக்கில் தடுமாறினால் அப்போது ஆசிரியரிடம் பேசிவிட்டு டியூசன் பாருங்கள். சொல்லித் தருபவருக்கு உங்கள் சபையின் பாடத்திட்டம் தெரியுமா என்று கேட்க மறக்காதீர்கள்.

வீட்டில் சில சின்ன விஷயங்கள். நண்பகலில் பிள்ளை வீட்டுக்கு வந்தால் கட் அடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சிக்ஸ்த் ஃபார்மில் இடையிடையே வகுப்பில்லாத பாடவேளைகள் உண்டு, சில பாடசாலைகள் வெளியே விடும். அந்த நேரம் எங்கே போகிறது என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. கடையில் வார இறுதி வேலை செய்வதில் தவறில்லை, ஆனால் 13ஆம் ஆண்டு ஈஸ்டருக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். அப்புறம் மே, ஜூன் மாதக் கலியாண வீடு, சாமத்திய வீடு. அழைத்தவர்கள் கோபிக்கமாட்டார்கள், பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். ஒரு சாப்பாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு வந்தால் போதும்.

சேருவதற்கு வேண்டிய கிரேட் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். 6 போதும் என்பவர்களும் உண்டு, 7 கேட்பவர்களும் உண்டு. கணிதத்திலும் கேட்பார்கள். மூன்று விஞ்ஞானப் பாடங்களைத் தனித்தனியாகப் படிக்காமல் கூட்டு விஞ்ஞானம் படித்த பிள்ளையும் தாராளமாக எடுக்கலாம், முதல் சில வாரம் கூடுதலாக உழைக்க வேண்டும். நான்கு ஏ லெவல் எடுத்தால்தான் கெட்டிக்காரன் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கேட்பது மூன்று. செப்டெம்பர் முதல் சில வாரங்களுக்குள் பாடம் மாற்றப் பெரும்பாலும் இடம் தருவார்கள், ஆகவே பிள்ளை முகம் வாடி வந்தால் அந்த நாட்களுக்குள் பேசுங்கள்.

இந்தக் கோடையில் என்ன செய்யலாம்? விடுமுறை முழுவதையும் புத்தகத்தோடு கட்டிப்போட வேண்டாம். ஓகஸ்ட் கடைசியில் ஒரு இரண்டு வாரம், நாளுக்கு அரை மணித்தியாலம், ஜிசிஎஸ்இ மோல் கணக்குகளையும் அயன்களின் சூத்திரங்களையும் திரும்பச் செய்தால் போதும். சல்பேட், நைத்திரேட், காபனேட், அமோனியம் ஆகியவற்றின் ஏற்றம் கேட்டவுடன் வாயில் வர வேண்டும்.

முடிவுகள் வந்தபின் எந்தப் பாடம் என்று குழப்பமிருந்தால் நம் தமிழ்ப் பாடசாலை அலுவலக எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள், விடுமுறையிலும் நான் திருப்பி அழைப்பேன். இந்த ஆண்டு 13ஆம் ஆண்டை முடித்த பிள்ளைகளின் ஏ லெவல் புத்தகங்கள் வீட்டில் கிடந்தால் செப்டெம்பர் முதல் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். எந்தச் சபை என்று அட்டையில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் பிரித்துக் கொடுக்க இலகுவாக இருக்கும். வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியர்