வரைபடத்தில் வெளிறிய ஊர் பாதுகாப்பான ஊர் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

எச்.ஐ.வி. பரவலைக் காட்டும் கணினி வரைபடங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் 'அபாயப் பகுதிகள்' என்று போட்டிருந்தீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் பல வருடம் ஆலோசகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கிய 'எய்ட்ஸ்வூ' வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். மாநிலத்தைத் தொட்டால், நம்ம ஊர் மாவட்டம் போன்ற கவுன்டி விரியும். பல நகரங்களில் அஞ்சல் குறியீட்டுப் பகுதி வரைக்கும் உள்ளே போகலாம். அதில் ஒரு இடம் அடர்த்தியான நிறத்தில் தெரிந்தால், எச்.ஐ.வி. இருப்பதாகக் கண்டறியப்பட்டு உயிரோடு வாழ்கிறவர்கள், மக்கள்தொகையில் லட்சத்துக்கு இத்தனை பேர் என்ற விகிதம் அங்கே அதிகம் என்று பொருள். அந்த வருடம் புதிதாகத் தொற்றியவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த நிறம் சொல்லாது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்குத் தனிப் படம் உண்டு. பொத்தானை மாற்றி அதையும் பார்க்க வேண்டும்.

இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல. 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். இறப்பு குறைந்தால், தொற்றோடு வாழ்கிறவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அவர்களிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பெரிய ஆய்வுகளில் உறுதியான விஷயம் இது. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு அம்மா மாத்திரை டப்பாவைக் கைப்பையில் ஒரு துணிக்குள் சுற்றி வைத்திருப்பார். மூடியில் அடுத்து வரவேண்டிய தேதியைப் பேனாவால் எழுதியிருப்பார். ஒரு வேளை தவறவிட்டதில்லை. உங்கள் படத்தில் நிறத்தை அடர்த்தியாக்குவது அவரைப் போன்றவர்கள்தான். அவர் வாழும் இடத்துக்கு 'அபாயம்' என்று பெயர் வைப்பது எந்த வகையில் நியாயம்?

வெளிறிய இடத்தைப் பற்றித்தான் எனக்கு இன்னும் பெரிய கவலை. நண்பனுக்குத் துணையாக மையத்துக்கு வந்த ஒரு பையனிடம், "நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோப்பா" என்றேன். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "எங்க ஏரியா மேப்ல வெள்ளையாத்தான் இருக்கு மேடம், எனக்கு எதுக்கு?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. படம் அப்படித்தான் பேசுகிறது. பரிசோதனை நடக்காத இடமும் தொற்று இல்லாத இடமும் அதில் ஒரே நிறமாகத் தெரியும்.

இதற்கு அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் கவுன்டியை விடப் பெரிய சாட்சி வேண்டாம். அங்கே வருடத்துக்கு 5 பேருக்கும் குறைவாகத்தான் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு வந்தது. எந்த வரைபடத்திலும் கண் அங்கே நின்றிருக்காது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த கிளினிக் ஒன்று 2013-ல் மூடப்பட்டது. 2015-ல் பார்த்தால், நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஆஸ்டின் என்ற சிற்றூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மையமாக வைத்துத் தொற்று பரவியிருந்தது. கடைசியில் 200-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து, ஒரே ஊசியைப் பகிர்ந்து போட்டுக்கொண்டதில் வந்த வினை. தொற்றைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அது பரவிக்கொண்டிருந்தது; படம் மட்டும் வெளிறியே இருந்தது. அப்புறம்தான் புதிய ஊசி வழங்கும் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது.

இன்னொன்று, விகிதக் கணக்கு. 2,000 பேர் வாழும் இடத்தில் 6 பேருக்குத் தொற்று என்றால் லட்சத்துக்கு 300. பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் 1,500 பேர் என்றால் லட்சத்துக்கு 150. படத்தில் அந்தச் சிறிய இடம்தான் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் மருந்தும் மருத்துவரும் அதிகம் தேவைப்படுவது நகரத்துக்கு. எண்ணிக்கை 5-க்குக் கீழே போனால் எய்ட்ஸ்வூ அதைக் காட்டுவதே இல்லை. அந்த ஒருவர், இருவர் யார் என்று அக்கம்பக்கம் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தக் கட்டத்தைப் 'பூஜ்யம்' என்று வாசிக்கிறவர்கள் உண்டு.

இதையெல்லாம் சொல்வதால் வரைபடமே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அதன் மேல் நிறைய மதிப்பு உண்டு. அதே படத்தின் பக்கத்தில் வறுமை, மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் ஆகிய விவரங்களை வைத்துப் பார்க்கலாம். பரிசோதனை மையங்கள் எங்கே இருக்கின்றன என்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தென் மாநிலங்களில் இருக்கிறார்கள். இதைப் பட்டியலில் படிப்பதற்கும் படத்தில் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அடுத்த நடமாடும் பரிசோதனை வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் அதிகாரிக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

என் வேண்டுகோள் இதுதான். இத்தகைய படத்தை அடுத்த முறை வெளியிடும்போது 'அபாயம்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எந்த வருடத்துக் கணக்கு, வாழ்கிறவர்களா புதிதாகக் கண்டறியப்பட்டவர்களா, காட்டாமல் விட்ட இடங்கள் எவை என்பதைப் படத்துக்குக் கீழேயே, வாசிக்க முடிகிற அளவு எழுத்தில் போடுங்கள். வாசகர் எங்கே போய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்ற விவரத்துக்கும் நாலு வரி இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எச்.ஐ.வி. பரிசோதனை ஆலோசகர்