ஈசியு போச்சுன்னு யாரு சொன்னாலும் உடனே நம்பாத

மாப்ள,

உன் கடிதம் வந்து நாலு நாளாச்சு. தங்கச்சிக்குக் கைக்கட்டு பிரிச்சாச்சுன்னு படிச்சதும்தான் மனசு லேசாச்சு, இன்னும் ரெண்டு மாசத்துக்கு வெயிட்டு எதையும் தூக்க விடாத. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், சின்னவன் காலேஜ் கடைசி வருஷம், ராத்திரி முழுக்க முழிச்சுப் படிக்கறான், அதுதான் கொஞ்சம் கவலை.

இப்ப கார் விஷயத்துக்கு வரேன். ஓடிட்டிருக்கும்போதே ஆஃப் ஆகுது, ஆறின பிறகு ஸ்டார்ட் ஆகுது, ஸ்கேனர்ல ஒரே நேரத்துல அஞ்சாறு கோளாறு நம்பர் (கோடு) வருது, மெக்கானிக் ஈசியு, அதான் இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர், போச்சு மாத்தணும்ங்கறார்னு எழுதியிருந்த. அதைப் படிச்சதும் எனக்கு பக்னு ஆச்சு, ஏன்னா போன வருஷம் எனக்கும் இதே கதைதான், இதே வார்த்தைதான். தயவு செஞ்சு இன்னும் மாத்தாத, நான் சொல்றத முதல்ல பாரு.

த்ராட்டில் சென்சார், மேப் சென்சார் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கறது), ஆக்சிலரேட்டர் பெடல், ஏசி ப்ரஷர் சென்சார், இப்படி நிறைய சென்சாருக்கு ஈசியுதான் 5 வோல்ட் அனுப்பும், அதுல பல சென்சார் ஒரே லைனைப் பங்கு போட்டுக்கும். அதுல ஏதாவது ஒண்ணு உள்ளுக்குள்ள எர்த்தோட ஷார்ட் ஆச்சுன்னா மொத்த லைனும் கீழ விழுந்துடும், நல்லா இருக்கற சென்சார்கூட தப்பா ரீடிங் குடுக்கும், சம்பந்தமே இல்லாத நாலஞ்சு கோடு ஒண்ணா வரும், சில வண்டில ஸ்கேனரே கனெக்ட் ஆகாது. பாக்கறவங்களுக்கு மூளையே செத்துப்போன மாதிரிதான் தெரியும். எனக்கு ஏசி ப்ரஷர் சென்சார்தான் அப்படி ஆகியிருந்துச்சு. சாவி ஆன்ல வெச்சு சென்சார் கப்ளர்ல, அதான் ஒயர் மாட்டற ப்ளக்ல, மீட்டர் வெச்சு அளந்தா 5 இருக்க வேண்டிய இடத்துல 0.4 காட்டுச்சு, ஒவ்வொரு கப்ளரா கழட்டிக்கிட்டே வந்தேன், அந்த ஒண்ணைக் கழட்டினதும் டக்குனு 5க்கு வந்து நின்னுச்சு. இன்ஜின் ஓடறதுக்குத் தேவையே இல்லாத ஒரு சென்சார் இன்ஜினையே நிறுத்தி வெச்சிருந்துச்சு!

சென்சார் எல்லாத்தையும் கழட்டியும் வோல்ட் ஏறலன்னா, ஒயர் எங்கயாவது பாடில உரசித் தோல் உரிஞ்சிருக்கான்னு பாரு.

ஆனா உன் வண்டி சூடானாதான் நிக்குதுங்கறதால எனக்கு க்ராங்க் சென்சார் (இன்ஜின் சுத்தறதை ஈசியுக்குச் சொல்றது) மேலயும் ஒரு கண்ணு இருக்கு, சூட்டுல அதோட சிக்னல் கட் ஆகும், ஆறினா திரும்ப வரும், இது ரொம்ப சகஜம். நின்ன உடனே செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனர்ல ஆர்பிஎம் காட்டுதான்னு பாக்கச் சொல்லு. பூஜ்யமாவே நின்னா அந்த சென்சாரையும் அதோட ஒயரையும்தான் முதல்ல பாக்கணும்.

அடுத்தது எர்த். இதுல பெரிய பெரிய ஆளுங்களே ஏமாறுவாங்க. மீட்டரை ஓம்ஸ்ல (மின்தடை) வெச்சு அளந்து பூஜ்யம் காட்டுது, ஒயர் நல்லாருக்குன்னு விட்டுடுவாங்க. ஒயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாக்கூட மீட்டர் பூஜ்யம்னுதான் காட்டும், நிஜமா கரண்ட் ஓடும்போதுதான் அது திணறும். அதனால இன்ஜின் ஓடும்போது மீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை ஈசியுவோட எர்த் பின்லயும் வெச்சுப் பாரு, 0.1 வோல்ட்டுக்கு மேல போனா எர்த்ல கோளாறு இருக்குன்னு அர்த்தம். ஈசியுக்கு வர்ற பாசிட்டிவையும் இதே மாதிரி லோடுல பாக்கணும், ரிலே காண்டாக்ட் கருகியிருந்தா சூடானதும் விட்டுடும்.

ஸ்கேனர் கனெக்ட் ஆகலன்னா இன்னொரு விஷயம். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு ஸ்கேனர் மாட்டற டயக்னாஸ்டிக் கப்ளர்ல 6ம் பின்னுக்கும் 14ம் பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாரு. கேன் லைன்னா வண்டில இருக்கற கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற ஒயர் ஜோடி, அதோட ரெண்டு முனைலயும் 120 ஓம்ஸ் இருக்கும், ரெண்டும் சேர்ந்து 60 காட்டணும். 120 காட்டினா எங்கயோ லைன் அறுந்திருக்கு, பூஜ்யத்துக்குப் பக்கமா வந்தா ஷார்ட். நடுவுல கேட்வே (லைன்களைப் பிரிச்சு வெக்கற பெட்டி) இருக்கற வண்டில மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

ஈசியு கெடவே கெடாதுன்னு நான் சொல்லல. ஒயர் வழியா தண்ணி ஏறிப் பின் பச்சை பூத்துடும், இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி ஈசியு உள்ள அந்தக் காயிலை ஆன், ஆஃப் பண்ற ட்ரைவர்ங்கற பார்ட்டை எரிச்சுடும். அப்படி எரிஞ்சிருந்தா காயிலைப் பாக்காம புது ஈசியு போட்டா அதுவும் எரியும், இதை மட்டும் மறந்துடாத. பழைய ஈசியு வாங்கி மாட்டலாம்னு யாராவது சொன்னா, இம்மொபிலைசர் (வண்டி திருட்டைத் தடுக்கற பூட்டு) உன் சாவியை ஏத்துக்காது, சாவி டேட்டாவை மாத்தி எழுதினாதான் ஸ்டார்ட் ஆகும்னு தெரிஞ்சுக்கோ.

அந்த மெக்கானிக்கைக் கோவிச்சுக்காத மாப்ள, பொறுமையா உக்காந்து அளக்க யாருக்கும் நேரம் விடறதில்ல இப்பல்லாம். பக்கத்துல நின்னு கேளு, பவர் பாத்தீங்களா, எர்த் பாத்தீங்களா, 5 வோல்ட் பாத்தீங்களான்னு. காலைல இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு ரீடிங், வண்டி நின்னுபோன அந்த நிமிஷமே ஒரு ரீடிங், கோடு நம்பரோட சேத்து எழுதி அனுப்பு. அதுவரைக்கும் குழந்தைங்களை ஏத்திக்கிட்டு அந்த வண்டில பெரிய ரோட்டுக்குப் போகாத.

உன் பதிலுக்குக் காத்திருக்கேன்.