மோட்டா பாவூ யார்?

அன்புள்ள முருகேசா,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து பத்து நாளாகிறது. பதிலுக்குப் பேசலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன், மூன்றாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது, அதனால்தான் பழையபடி எழுதியே அனுப்புகிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, வீட்டில் சாய்க்குக்கூட சர்க்கரை கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். மற்றபடி சுகம்.

உன் பேரன் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். “சிவசேனாவும் பாஜகவும் ஒரே கொள்கைக் கட்சிதானே தாத்தா, பின்னே ஏன் அடிச்சுக்கிட்டாங்க?” பம்பாயில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய நீ அதற்குப் பதில் தெரியாமல் என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறாய் பார், அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே கொள்கை என்பது பாதிதான் உண்மை. 1966 ஜூன் 19இல் சேனா ஆரம்பித்தபோது அதற்கு இந்துத்துவாவும் கிடையாது, ராமர் கோயிலும் கிடையாது. குறி நாம்தான், ஞாபகம் இருக்கா? கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த பால் தாக்கரே, மராட்டிப் பையன்களுக்கு வேலை இல்லை, கிளார்க் வேலையும் டைப்பிஸ்ட் வேலையும் மதராஸிகளிடம் போய்விட்டது என்று சொல்லித்தான் கூட்டம் சேர்த்தார். நாம் பேசுவதைக் கிண்டல் செய்ய ‘யண்டு குண்டு’, விரட்ட ‘பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி’ (ஊதுகுழலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு). எங்கப்பா அந்த வருஷங்களில் வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பேன்ட் போட்டுத்தான் லோக்கல் ட்ரெயின் ஏறுவார், தமிழ்ச் சனம் இருக்கும் மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் வந்த பிறகுதான் முகத்தில் ஒரு தெளிவு வரும். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயசு, அப்பாவுக்கு பேன்ட் பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சேனா கம்யூனிஸ்டுகளை எதிர்த்தது, 1968 மாநகராட்சித் தேர்தலில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியோடு கூட்டு வைத்தது (சோஷலிஸ்டுகளோடு!), காங்கிரஸ் முதலமைச்சர் வசந்தராவ் நாயக்கோடு இருந்த நெருக்கத்தைப் பார்த்து ஊரே ‘வசந்த சேனா’ என்று கேலி பேசியது. எமர்ஜென்சியில் வாஜ்பாயும் அத்வானியும் ஜெயிலில் இருந்தபோது தாக்கரே இந்திரா பக்கம் நின்றார். அதாவது பிற்காலக் கூட்டாளிகளில் ஒருத்தர் உள்ளே, இன்னொருத்தர் உள்ளே போட்டவரின் பக்கம். இதை உன் பேரனிடம் முதலில் சொல்லு.

1980இல் பாஜக பிறக்கிறது. மகாராஷ்டிராவில் அதை அப்போது யாரும் பெரிய கட்சியாக எண்ணவில்லை. 1984 லோக்சபா தேர்தலில் சேனாவின் மனோகர் ஜோஷி தாமரைச் சின்னத்தில் நின்றார் தெரியுமா? இப்போது சொன்னால் சேனாக்காரப் பையன்களே நம்ப மாட்டார்கள். இந்திரா இறந்த அனுதாப அலையில் தோற்றார், அதோடு அந்த உறவும் சப்பென்று போனது. அடுத்த வருஷமே சட்டசபைத் தேர்தலில் பாஜக சரத் பவார் அணியோடு நின்றது, சேனா மாநகராட்சியைத் தனியாகவே பிடித்தது. 1987இல் வில்லே பார்லே இடைத்தேர்தலில்தான் சேனா மதத்தை முன்னால் வைத்து ஓட்டுக் கேட்டது. அந்தப் பேச்சுகளால் ஜெயித்தவரின் பதவி கோர்ட்டில் பறிபோனது, தாக்கரேக்கே ஆறு வருஷம் ஓட்டுரிமை இல்லாமல் போனது. அதெல்லாம் பின்னால். அன்றைக்கு அந்த வெற்றியைப் பார்த்துக் கணக்குப் போட்ட ஆள் பாஜகவில் ஒருத்தர் இருந்தார், பிரமோத் மகாஜன். கிராமத்திலும் சின்ன ஊர்களிலும் ஓட்டு வாங்க பாஜகவுக்கு ஒரு மண்ணின் முகம் வேண்டும், மும்பை தானேயைத் தாண்ட சேனாவுக்கு ஒரு அகில இந்தியப் பெயர் வேண்டும். 1989இல் கூட்டணி வந்தது.

அந்த ஒப்பந்தத்தின் சூட்சுமம் ரொம்பச் சின்னது. லோக்சபா என்றால் பாஜகவுக்கு அதிக சீட், சட்டசபை என்றால் சேனாவுக்கு அதிக சீட். டில்லி உனக்கு, மும்பை எனக்கு. பிற்காலத்தில் அது சட்டசபையின் 288 சீட்டில் சேனாவுக்கு 171, பாஜகவுக்கு 117 என்று நிலைத்தது. மாநிலத்தில் சேனாதான் ‘மோட்டா பாவூ’, பெரிய அண்ணன். இந்த வார்த்தையை மட்டும் பிடித்துக்கொள், மீதிக் கதை எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

இன்னொரு விதி எழுதப்படாமல் இருந்தது. யாருக்கு எம்.எல்.ஏ. அதிகமோ அவர்களுக்குத்தான் பெரிய நாற்காலி. 1990 தேர்தலில் சேனா 52, பாஜக 42, அதனால் ஜோஷி எதிர்க்கட்சித் தலைவர். 1991 கடைசியில் சேனாவின் சகன் புஜ்பல் கொஞ்சம் பேரை இழுத்துக்கொண்டு காங்கிரசுக்குப் போனாரே, சேனாவின் எண்ணிக்கை குறைந்ததும் பாஜக தயங்கவே இல்லை, அந்த நாற்காலியைத் தன் ஆள் கோபிநாத் முண்டேக்கு வாங்கிவிட்டது. கூட்டணி வைத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது! 1992 மாநகராட்சித் தேர்தலில் இரண்டும் தனித்தனியாக நின்று காங்கிரசுக்குத் தாரை வார்த்தன.

1995ஐ உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேனா 73, பாஜக 65, சுயேச்சைகள் மிச்சத்துக்கு. ஜோஷி முதலமைச்சர், முண்டே துணை, ரிமோட் கண்ட்ரோல் தன் கையில் என்று தாக்கரே வெளிப்படையாகவே சொன்னார். பம்பாய் மும்பை ஆனது. ஒரு ரூபாய்க்கு ஜுண்கா பாக்கர் (கடலை மாவுக் கூட்டும் ரொட்டியும்) கடைகள் வந்தன, நீயும் நானும் ஸ்டேஷன் பக்கத்தில் நின்று சாப்பிட்டோமே, அந்தக் கடலை மாவு தொண்டையில் மாட்டி நீ தண்ணீர் தண்ணீர் என்று கத்தினாய், கடைக்காரன் தண்ணீருக்கும் ஒரு ரூபாய் கேட்டான். பொதுப்பணித் துறையில் இருந்த கட்கரி மேம்பாலமாகக் கட்டித் தள்ளியதும் அப்போதுதான். ஆட்சி நன்றாக நடந்ததா என்றால், எனக்கு அதில் இரண்டு அபிப்பிராயம் உண்டு, அது வேறு கடிதம்.

1999இல் தேர்தலை முன்கூட்டியே வைத்தார்கள். அதற்குள் ஜோஷியை எடுத்துவிட்டு நாராயண் ராணேயை உட்கார வைத்திருந்தார் தாக்கரே. முண்டேக்கும் அந்த நாற்காலி மேல் கண் இருந்தது ஊரறிந்த ரகசியம், அடுத்தவன் ஜெயித்தால் நம் கணக்கு கெடுமே என்று உள்ளுக்குள்ளேயே குழி பறித்துக்கொண்டார்கள் என்று சாய்க் கடையில் பேசாத ஆள் இல்லை. சேனா 69, பாஜக 56. எதிரே காங்கிரஸ் 75, பவாரின் புதுக் கட்சி 58, தனித்தனியாக நின்று திட்டிக்கொண்ட அவர்கள் ரிசல்ட் வந்ததும் சேர்ந்துகொண்டார்கள். நம்மாட்கள் பதினைந்து வருஷம் வெளியே உட்கார்ந்தார்கள்.

அந்தப் பதினைந்து வருஷத்தில் கூட்டணியை இழுத்துப் பிடித்தது கொள்கை இல்லை முருகேசா, மூன்று நாலு மனுஷர்கள்தான். பாஜக தலைவர் எவ்வளவு பெரியவரானாலும் பாந்த்ராவில் தாக்கரே வீடான ‘மாதோஸ்ரீ’ வாசலில் வந்துதான் பேச வேண்டும். தாக்கரே அவர்களைத் தாமரைச் சின்னத்தை வைத்து ‘கமலாபாய்’ என்று கேலி பேசுவார், அவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். 2007 ஜனாதிபதி தேர்தலில் பாஜக ஆதரித்த ஷெகாவத்தை விட்டுவிட்டு மராட்டிப் பெண் என்று பிரதிபா பாட்டீலுக்கு ஓட்டுப் போட்டது சேனா, 2012இல் பிரணாபுக்கு. அப்போதும் உறவு முறியவில்லை. முன்னெல்லாம் சண்டை வந்தால் மகாஜனும் முண்டேயும் போய் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். 2006இல் மகாஜன் இறந்தார், 2012 நவம்பரில் தாக்கரே, 2014 ஜூனில் முண்டே. நடுவில் 2009இல் பாஜக 46, சேனா 44 என்று முதல் தடவையாக எண்ணிக்கை புரண்டது. அண்ணனாக இருந்த சேனா தம்பியாகிப் போன நாள் அதுதான், ஆனால் யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை.

2014இல் மோடி அலையில் லோக்சபாவில் பாஜக 23, சேனா 18. இனிமேலும் 171–117 கணக்கா என்று பாஜக கேட்டது. சேனா 151க்குக் கீழே இறங்க மறுத்தது. செப்டம்பர் 25ஆம் தேதி சாயங்காலம் இருபத்தைந்து வருஷ உறவு முடிந்தது, அதே சாயங்காலம் அந்தப் பக்கம் காங்கிரஸ் கூட்டணியும் உடைந்தது. டி.வி.க்காரர்களுக்கு எந்தப் பக்கம் காமிரா திருப்புவது என்றே தெரியவில்லை.

எனக்கு அந்த உடைசல் புரிந்தது டி.வி.யில் இல்லை, ஓட்டுப் போடப் போன அன்றைக்கு. நம்ம தெரு முனையில் ஸ்லிப் எழுதிக் கொடுக்க ஒரு மேஜை போடுவார்களே, காலில் செங்கல் முட்டுக் கொடுத்த அந்த மரமேஜை? காவித் துணி விரித்து ஒரு ஓரம் சேனாவின் வில் அம்பு, ஒரு ஓரம் பாஜகவின் தாமரை. அந்த வருஷம் மேஜை சேனாக்காரர்களிடம் போய்விட்டது, எதிர்ப்பக்கம் பாஜகவுக்குப் புது பிளாஸ்டிக் மேஜை. ஆனால் வாக்காளர் பட்டியல் ஒழுங்காக வைத்திருந்தவர் ஒரே ஒரு கிழவர்தான், அவர் சேனா பக்கம். பாஜக பையன் ரோட்டைக் கடந்து வந்து, “காக்கா, வரிசை எண் ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க” (மராட்டியில் காக்கா என்றால் சித்தப்பா) என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போகிறான், கிழவரும் திட்டிக்கொண்டே சொல்கிறார். நான் நின்று பார்த்துச் சிரித்தேன்.

ரிசல்ட்டில் பாஜக 122, சேனா 63. நம்ம சயான் கோலிவாடாவில் பாஜக சார்பில் ஜெயித்தவர் யார்? கேப்டன் தமிழ்ச்செல்வன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சேனா வேட்பாளரையும் தோற்கடித்துத்தான் ஜெயித்தார். எங்கப்பா இருந்திருந்தால் அன்றைக்கு வேட்டி கட்டிக்கொண்டு சும்மாவாவது ஒரு தடவை லோக்கல் ட்ரெயினில் போய் வந்திருப்பார்.

அதற்கப்புறம் நடந்தது சேர்ந்திருந்து சண்டை. ஒரு மாசம் சேனா எதிர்க்கட்சி, தலைவர் ஏக்நாத் ஷிண்டே (ஆமாம், அதே ஷிண்டே), டிசம்பரில் போய் அரசில் சேர்ந்துகொண்டார்கள். ராஜினாமா கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது என்று அமைச்சர்கள் சொல்லிக்கொண்டே ஐந்து வருஷம் ஓட்டினார்கள், கடிதம் வெளியே வரவே இல்லை. 2017 மாநகராட்சியில் தனித்தனியாக மோதி சேனா 84, பாஜக 82. 2019இல் மறுபடி கட்டிப் பிடித்து, சட்டசபையில் பாஜக அணிக்கு 164, சேனாவுக்கு 124. ஜெயித்தது 105, 56. முதல்வர் பதவியில் பாதிப் பாதி என்று பேசியிருந்தோம் என்றார் தாக்கரேயின் மகன் உத்தவ், அப்படிப் பேச்சே இல்லை என்றார்கள் பாஜகவினர். நவம்பர் 23 விடிகாலையில் நாம் பல் தேய்ப்பதற்குள் பாஜகவின் ஃபட்னாவிஸும் பவார் கட்சியின் அஜித் பவாரும் பதவி ஏற்றார்கள், மூன்றாம் நாள் இறங்கினார்கள், 28ஆம் தேதி சிவாஜி பார்க்கில் காங்கிரஸ், பவார் துணையோடு உத்தவ் முதல்வர்.

இப்போது உன் பேரனுக்கு நான் சொல்ல வந்ததைக் கேளு. 2019இல் பாஜக சொன்னது என்ன? எங்களுக்கு 105, உங்களுக்கு 56, அதிகம் உள்ளவனுக்கே நாற்காலி. அந்தப் பழைய எழுதாத விதிப்படி நியாயமான பேச்சு, நான் அன்றைக்கு அவர்கள் பக்கம்தான் பேசினேன், என் மகனோடு சண்டைகூட வந்தது. ஆனால் 2022 ஜூனில் ஷிண்டே உத்தவை எதிர்த்துச் சுமார் 40 சேனா எம்.எல்.ஏ.க்களோடு சூரத், குவாஹாத்தி என்று சுற்றிவிட்டு வந்தபோது அதே பாஜக என்ன செய்தது? நூறுக்கு மேல் வைத்திருந்த ஃபட்னாவிஸைத் துணை முதல்வராக்கி நாற்பதுக்காரரை முதல்வராக்கியது. அப்படியானால் 56க்கு முடியாதது 40க்கு எப்படி முடிந்தது? அன்றைக்குக் கேட்ட உத்தவ் தானும் அண்ணன் என்று நினைத்துக் கேட்டார், ஷிண்டே தம்பி என்று ஒத்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். 2023 பிப்ரவரியில் கட்சிப் பெயரும் வில் அம்பும் ஷிண்டேக்கே போயின, உத்தவுக்குத் தீப்பந்தம். 2024இல் பாஜக 132, ஷிண்டே 57, உத்தவ் 20. ஃபட்னாவிஸ் மறுபடி முதல்வர், ஷிண்டே துணை. இந்தத் தடவை அடம் பிடித்துப் பார்த்தார், செல்லவில்லை.

நம்ம தெரு ஷாகாவில் (சேனாவின் கிளை ஆபீஸ்) புலிப் படம் அப்படியேதான் இருக்கிறது, போர்டில் மட்டும் பெயிண்ட் புதுசு. குழாய்த் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த சேனாவிடம் போவது என்று ஜனம் முதலில் குழம்பியது, இப்போது இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டு வருகிறார்கள். பட்டியல் கிழவரை 2024 ஓட்டன்று பார்த்தேன். தெரு முனையில் இப்போது மூன்று மேஜை. எதிலும் உட்காராமல் பீடிக் கடைத் திண்ணையில் இருந்தார், மூன்று பக்கத்துப் பையன்களும் மாறி மாறி வந்து வரிசை எண் கேட்டுக்கொண்டு போனார்கள்.

சரி, பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வரலாம் என்று பார்க்கிறேன், ட்ரெயின் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் 42இல் நிற்கிறது. கிடைத்தால் நேரே உன் வீட்டுக்குத்தான். முட்டிக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்து வை, சாஸ்தா கோயிலுக்கு நடந்தே போக வேண்டும்.

உன்
சண்முகம்