கப்பிக்கு எண்ணெய் விட்ட கைகளுக்கு

அன்பான உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மடலை எழுத எனக்கு ஒரு வருசம் பிடித்தது. நீங்கள் செய்த உதவி எல்லாவற்றையும் ஒளித்துத்தான் செய்தீர்கள். "அவ தெல்லிப்பழைக்கு மனசுக்கு மருந்தெடுக்கப் போறாவாம்" என்று ஊர் கதைக்கக்கூடாதென்று பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள். அந்த அன்பு எனக்குத் தெரியும். ஆனால் நன்றியையும் ஒளித்துச் சொன்னால், நான் ஏதோ வெட்கப்படவேண்டிய காரியம் செய்ததாகிவிடும். அதனால் ஊரறியச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் அம்புலன்ஸில் வேலை செய்கிறேன். 2018 ஆடி மாதம், 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கிற இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்ததை எங்கள் சனம் மறந்திருக்காது. அதற்கு முன் சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சு நோ என்றால், படலையடியில் நின்று ஓட்டோ தேடினவர்கள் நாங்கள். இன்றைக்கு ஒரு போன் எடுத்தால் வண்டி வருகிறது. அந்த வண்டிக்குள் இருக்கிறவர்கள் விடிந்த பிறகு எப்படி நித்திரை கொள்கிறார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. சனத்தைப் பிழை சொல்லவில்லை. நாங்களே ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

போன மாரிக்கு முதல் மாரி. கார்த்திகை மழையில் கிணறுகள் மேல்மட்டம் வரை நிரம்பிக் கிடந்த நேரம். கட்டு இல்லாத ஒரு தோட்டக் கிணற்றிலிருந்து பிள்ளையொன்றை எடுத்திருக்கிறார்கள் என்று அழைப்பு வந்தது. மூன்று வயது. என்னுடைய மகளுக்கும் அப்போது மூன்று வயது. ஊரைச் சொல்லமாட்டேன், அந்த வீட்டுச் சோகம் என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு பெரியது. ஓடும் வண்டிக்குள் ஆஸ்பத்திரி வாசல் வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே போனேன். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம் பிசகக்கூடாதென்று வாய்விட்டு எண்ணினேன். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. காலையில் வைத்துவிட்ட பொட்டு தண்ணீரில் கரையாமல் அப்படியே இருந்தது. பிள்ளை தப்பவில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்தபோது மாமி கிணற்றடியில் தண்ணி அள்ளிக்கொண்டிருந்தா. கப்பி கிறீச்சிட்டது. என் கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பிறகு பல மாதங்களுக்கு நான் கிணற்றடிக்குப் போகவில்லை. கண்ணை மூடினால் எண்ணிக்கை தொடங்கிவிடும், ஒன்று, இரண்டு, மூன்று என்று. முப்பது வந்தால் திடுக்கிட்டு எழும்புவேன். மகள் சிரித்தால்கூட எரிச்சல் வந்தது. ஒருநாள் அவள் வாளிக்குள் கைவிட்டு விளையாடினதுக்கு அடித்துவிட்டேன். அந்த அடி இன்றைக்கும் என் கையில் சுடுகிறது.

சாரதி அண்ணை, முதல் நன்றி உங்களுக்கு. அன்றைக்கு வண்டியைக் கழுவிய பிறகு நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, நானும் குடிக்கும்வரை இருந்தீர்கள். "பிள்ளை, கதைக்கவேணும் போல இருந்தா நான் இஞ்சைதான்" என்றதோடு சரி. இப்படிச் சம்பவம் நடந்த கையோடு ஆட்களை இருத்தி எல்லாவற்றையும் சொல்லவைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. பக்கத்தில் இருப்பது, கேட்டால் கேட்டுக்கொண்டிருப்பது, தேவையான இடத்தோடு தொடுத்துவிடுவது, இதைத்தான் உளவியல் முதலுதவி என்கிறார்கள். நீங்கள் எந்த வகுப்பிலும் படிக்காமலே செய்தீர்கள். இரண்டு மாதம் கழிந்தும் நான் தேறவில்லை என்று கண்டு, ஒரு துண்டில் 1926 என்று தேசிய உளநல உதவி இலக்கத்தை எழுதி என் கையுறைப் பெட்டிக்குள் வைத்ததும் நீங்கள்தான். நீங்கள் சொல்லாவிட்டாலும் அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா அண்ணை?

என்னோடு கடமை மாற்றிய தங்கச்சிக்கும் நன்றி. சின்னப் பிள்ளைகளின் அழைப்பு வந்தால் என் முகம் மாறுவதைக் கண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் எத்தனையோ இரவுக் கடமையை நீர் எடுத்துக்கொண்டீர். முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் மேலே இருந்த ஒருவர், "இந்த வேலைக்குக் கல்நெஞ்சு வேணும், இல்லாட்டி வீட்டை போ" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உம்மைப் போல ஒருவர் அன்றைக்கே பக்கத்தில் இருந்திருந்தால் முன்னமே கதைத்திருப்பேன்.

மாமி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? இரவுக் கடமை முடித்து வந்தால் பகலில் நான் நித்திரை கொள்ளவேண்டுமென்று யன்னலுக்குப் பழைய சீலை கட்டினீர்கள். முற்றத்தில் பிள்ளைகள் கத்தினால் ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மகளைக் கிணற்றடியில் குளிப்பாட்டுவதை விட்டு, உள்ளே குளியலறையில் குளிப்பாட்டத் தொடங்கினீர்கள். ஏன் என்று ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் துர்க்கை அம்மனுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி ஸ்கூட்டியை எடுப்பேன். மூன்றாவது கிழமை படலையைத் திறந்துவிட்டபடி, "அம்மனிட்டையும் போட்டு, டொக்டரிட்டையும் வடிவாக் கதைச்சுப்போட்டு வா மோனை" என்றீர்கள். வழி நெடுக அழுதுகொண்டுதான் ஓடினேன்.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் முதல்நாள் எனக்கு வாங்கில் இடம் விட்ட தாதி ஒருவர் இருந்தார். உடுப்பைப் பார்த்தாலே எங்கள் துறைதான் என்று தெரிந்தது. இருவரும் ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு அவர் நகர்ந்து "இருங்கோ" என்றார். வேறொன்றும் கதைக்கவில்லை. நீங்கள் இதை வாசித்தால், அந்த ஒரு சொல் என்னைத் திரும்பிப் போகாமல் பிடித்து வைத்தது என்று அறியுங்கள்.

டொக்டர், நான் "எனக்கு விசரோ?" என்று கேட்டபோது நீங்கள் சிரிக்கவில்லை. பயங்கரமான ஒன்றைக் கண்ட பிறகு சில கிழமைகள் நித்திரை வராததும், கண்முன் காட்சி ஓடுவதும் பலருக்கும் வந்து தானாகவே தணியும், ஒரு மாதம் கடந்தும் தணியாமல் வீட்டையும் வேலையையும் குழப்பினால் வைத்தியம் வேண்டும் என்று விளங்கப்படுத்தினீர்கள். மனவடு என்ற சொல்லைச் சொன்னீர்கள். வடு என்றால் எனக்குத் தெரியும், தினமும் கட்டுப் போடுகிறவள் நான். அந்தச் சொல்லில்தான் என் வெட்கம் பாதி போனது.

உளவளத்துணையாளர் அக்காவிடம் அந்த நாளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. முதல் தடவை பொட்டு வரைக்கும்தான் வந்தேன். ஐந்தாம் தடவை ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். இரவில் எண்ணிக்கை தொடங்கினால், மூச்சோடு சேர்த்து எனக்குப் பழகின ஒரு நாமத்தைச் சொல்லப் பழக்கினா அக்கா. சைவர்களுக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவர் வழக்கத்திலிருந்தே மனதை ஆற்றுகிற இந்த முறையைப் போர்க்காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இங்கே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணிக்கை முப்பதில் உடைந்துபோகும் இடத்தில் எனக்கு இப்போது "சிவசிவ" வருகிறது.

என் கணவருக்கும் நன்றி. கிளிநொச்சியில் வேலை என்றாலும் ஒவ்வோர் இரவும் போனில் என்னோடு விழித்திருந்தார்.

கடைசியாகப் பக்கத்து வளவு ஐயா. எங்கள் கப்பி சத்தம் போடுவது திடீரென்று நின்றபோது, மாரியில் இரும்பு ஊறிவிட்டது போல என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் கழித்து, விடியற்காலை கடமை முடித்து வந்த நேரம், எங்கள் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று கப்பிக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தீர்கள். எழுபது வயதுக்கு மேலே, ஒரு கையில் போத்தல், மறுகையால் தூணைப் பிடித்தபடி. என்னைக் கண்டதும் களவு எடுத்தவர் மாதிரித் திகைத்து, "சும்மா பிள்ளை, துருப்பிடிக்குது" என்றீர்கள். கிழமைக்கு ஒருதரம் செய்கிறீர்கள் என்று மாமி பிறகு சொன்னா.

ஐயா, போன ஞாயிற்றுக்கிழமை நானே தண்ணி அள்ளி மகளைக் குளிக்க வார்த்தேன். பதினைந்து வாளி. கை நடுங்கியது, ஆனால் அள்ளினேன். கட்டில் ஏறாதேங்கோ ஐயா, பாசி வழுக்கும். இனிக் கப்பி கத்தினால் கத்தட்டும்.